பினாங்கு ரம்பமும் மூன்று பங்காளிகளும்

பழைய மரம் அறுக்கும் மிஷினைப் பழுது பார்க்கிறவர்களுக்கு இரண்டே தொந்தரவுகள்தான்: ஒன்று துரு, மற்றது மனிதர்கள். துருவையாவது மண்ணெண்ணெயில் ஊறப் போடலாம்.

உங்களில் யாராவது பழைய ரேடியோவையோ பழைய ஸ்கூட்டரையோ வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்துக்கொண்டிருப்பவர் என்றால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அத்தா, அதாவது என் அப்பா, மரக்கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது மூலையில் ஒரு செயின் ரம்பம் கிடந்தது. பெட்ரோலில் ஓடும் இன்ஜின், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி, அவ்வளவுதான் அது. ஒரு கோடை விடுமுறையில் சும்மா பிரித்துப் பார்த்தேன். திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுத்தபோது ஓடிவிட்டது. அன்று பிடித்த பைத்தியம். இப்போது எங்கள் கார் ஷெட்டில் கார் இல்லை, ஏழெட்டுப் பழைய ரம்பங்கள் இருக்கின்றன. கார் வெயிலில் நிற்கிறது.

"மரம் வெட்டவா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்கு மரம் வெட்டப் பிடிக்காது. எங்கள் வீட்டு முருங்கையைக்கூட நான் ஒடிக்க விடுவதில்லை. பழைய நாணயம் சேர்ப்பவரிடம் போய், இதைக் கொடுத்தால் கடையில் என்ன தருவார்கள் என்று யாராவது கேட்கிறார்களா? என்னிடம் மட்டும் ஊரே கேட்கிறது.

சார் எங்கே?

பாண்டி சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டத்துக்கு அனுப்புகிறவர். ஒருநாள் தோளில் மிஷினோடு வந்து வாசலில் நின்று, "சார் இருக்காகளா?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். "மிஷின் பாக்குற சார்" என்றார். நான்தான் பார்ப்பது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்தார். "சரி, அவுக வர்ற வரைக்கும் இங்குட்டு வச்சிட்டுப் போறேன்" என்று இறக்கி வைத்துவிட்டார்.

கயிறு அசையவே இல்லை. பிரித்தால், பிஸ்டன் முழுக்கப் பூனை பிறாண்டியதுபோல் கீறல். இந்த இன்ஜினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் அதற்கு உயிர். மொபெட் ஓட்டிய தலைமுறைக்கு இது தெரியும், பெட்ரோல் பங்க்கிலேயே கேட்டு ஊற்றுவார்கள். "ஆயில் கலந்தீகளா?" என்று பாண்டியைக் கேட்டேன். "எதுக்கு? பைக்குக்கு நான் கலக்குறதே இல்லையே" என்றார். எனக்கு வந்த கோபத்தை விடைத்தாளில்தான் காட்ட முடிந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து பிஸ்டன் வரவழைத்து, சிலிண்டரைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, அவர் கண் முன்னாலேயே ஆயிலை அளந்து கலந்து, கயிற்றை இழுத்து, ஓடவிட்டுக் காட்டினேன். பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரை போனவர் திரும்பி நின்று, "சார் வந்தா பாண்டி கும்பிட்டேன்னு சொல்லுங்க டீச்சர், ரொம்ப நல்லாச் செஞ்சிருக்காக" என்றார்.

மனத்தாங்கல் வராத பங்கு

வள்ளியப்பன் அண்ணன் காரைக்குடியில் ஆடிட்டர். சொந்த ஊர் வலையபட்டி. அங்கே அவர்களுக்குப் பெரிய வீடு, அதில் மூன்று பங்காளிகள், ஆளுக்குச் சில அறைகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. பாண்டி மூலம் 'சாரை'ப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். அவிழ்த்தால், பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு இன்ஜின். அவர்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்குத் தோட்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். அந்த மாடலை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மூடியின்மேல் அவர்கள் குடும்பத்து விலாசம் வெட்டியிருந்தது. விலாசம் என்றால் முகவரி இல்லை, குடும்பப் பெரியவர்கள் பெயரின் முதல் எழுத்துகள். கரண்டி முதல் அண்டா வரை அந்த வீட்டில் விலாசம் வெட்டாத பொருள் கிடையாது. ரம்பத்தையும் விடவில்லை.

"இதை ஓட வச்சிட்டீகன்னா ஒங்க ஷெட்லயே இருக்கட்டும் டீச்சர். எங்களுக்கு இது எதுக்கு?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பினாங்கு ரம்பம், முழுசாக, என் ஷெட்டில். டீ போட்டுக் கொடுத்தேன். பிறகுதான் சாக்கை உதறிப் பார்த்துவிட்டு, பட்டை எங்கே, சங்கிலி எங்கே என்று கேட்டேன். அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார்.

அவர்கள் அப்பச்சி காலத்தில், அதாவது அப்பா காலத்தில், பாகம் பிரித்தபோது ரம்பத்தையும் பிரித்துவிட்டார்களாம். இன்ஜின் இவர் பங்குக்கு. பட்டை பெரியப்பா வீட்டுக்கு, அது இப்போது மெய்யம்மை ஆச்சியிடம். சங்கிலி சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிக்கு. எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஓடுகிற ஒரு மிஷினை எந்த மனிதனாவது மூன்று துண்டாக்கி மூன்று அறையில் வைத்துப் பூட்டுவானா என்று கேட்டேவிட்டேன். வள்ளியப்பன் அண்ணனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "முழுசா ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவுகளுக்கு மனத்தாங்கல் வருமுல்ல டீச்சர்" என்றார்.

கை பழகட்டும்

நான் ஷெட்டில் உட்கார்ந்து பினாங்கு ரம்பத்தின் ஒவ்வொரு திருகாகக் கழற்றிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா மதில்மேல் தலையை நீட்டுவார். முதலில் மிக்ஸி வந்தது. அப்புறம் கிரைண்டர், குக்கர் விசில், ஒருமுறை பேரனின் சாவி கொடுக்கும் கரடி. மிக்ஸி பார்க்க எனக்குத் தெரியாது என்று பலமுறை சொல்லிவிட்டேன். மரத்தை அறுக்கிற மிஷினுக்கே வைத்தியம் பார்க்கிறவளுக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கிற மிஷின் எம்மாத்திரம் என்பது அவர் வாதம். பார்த்துக் கொடுக்காவிட்டால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பார்த்துக் கொடுத்தால் என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கடைசியில் ஒருநாள் பொறுமை இழந்து, எனக்கு வேலை இருக்கிறது அக்கா என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் ஷெட்டுக்குள் கிடந்த துண்டு துண்டான பினாங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓடாத மிஷினைத்தான வச்சுக்கிட்டு இருக்கீக, இதையும் பாத்தா கை பழகுமுல்ல" என்றார்.

வாளாகிப்போன பட்டை

மெய்யம்மை ஆச்சி தன் பங்கு அறைகளை வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார். நல்ல மனுஷி, வந்தவர்களுக்குப் பணியாரம் கொடுக்காமல் பேச ஆரம்பிக்க மாட்டார். பட்டையைக் காட்டுகிறேன் என்று சாப்பாட்டுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். சுவரில், சிவப்புப் பட்டுத் துணியின்மேல், மேலே ஒரு விளக்கோடு, என் பினாங்கின் பட்டை குறுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆச்சியின் முன்னோர் கப்பலில் போகும்போது கடற்கொள்ளைக்காரர்களை வெட்டிய வாள் அது என்று சுற்றுலா வழிகாட்டிப் பையன் சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு பக்கமும் மழுங்கிய, நுனி வட்டமான ஒரு வாள்! அதைக் கொண்டு கொள்ளைக்காரனுக்குத் தோசைதான் திருப்பிப் போட்டிருக்க முடியும்.

இது ரம்பத்தின் பட்டை, இதோ தயாரித்த கம்பெனியின் பெயரே அச்சடித்திருக்கிறது என்று விரலால் தேய்த்துக் காட்டினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். விரல் பட்ட இடத்தில் துரு போய்ப் பளிச்சென்று இரும்பு தெரிந்தது. ஆச்சி பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். தருவதற்கு அவருக்கு ஆட்சேபணை இல்லை, வள்ளியப்பன் சொன்னால் சரிதான், ஆனால் சுத்தம் மட்டும் பண்ணக்கூடாது. பட்டையின் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடுகிறது, அதில்தான் சங்கிலி வழுக்கிப் போகும், துரு இருந்தால் சிக்கிக்கொள்ளும் என்று பாடம் நடத்தினேன். பிளாக்போர்டு இருந்திருந்தால் படமும் போட்டிருப்பேன்.

ஊர் உலகத்தில் எல்லாரும் துருவைப் போக்க அலைகிறார்கள். துருவைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். பள்ளத்தை மட்டும் சுத்தம் செய்வது, வெளித்துருவைத் தொடுவதில்லை என்று பேசி முடித்தோம். பட்டையைத் துண்டில் சுற்றிக் கொடுக்கும்போதும் ஆச்சி ஒருமுறை நினைவூட்டினார்: "துரு இருக்கட்டும் டீச்சர், வெள்ளக்காரவுக அதைத்தான் போட்டோ எடுக்குறாக."

பல் வைத்த பூட்டு

சங்கிலிக்குச் சிங்கப்பூர் பங்காளியிடம் போனில் அனுமதி வாங்கியாகிவிட்டது. "வாட்ச்மேன் கருப்பையாகிட்ட இருக்கும், வாங்கிக்கங்க" என்றார். இருந்தது. அதே வீட்டின் பின்பக்கக் கேட்டை இழுத்துச் சுற்றி, இரண்டு முனையையும் ஒரு பூட்டால் கோத்து, பல்லெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலிலும் மழையிலும் எத்தனை வருஷமோ. நான் கேட் முன்னால் நின்று ஒவ்வொரு பல்லாக எண்ணிப் பார்த்தேன்.

கடையில் புதுச் சங்கிலி வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், என் மச்சானும் அதைத்தான் கேட்டார். (மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், எதைக் கேட்டாலும் புதுசு வாங்கு என்பார்.) பினாங்கின் சக்கரப் பல்லுக்கு இந்தக் காலத்துச் சங்கிலி பொருந்தாது. கண்ணி அளவே வேறு. அதனால் கருப்பையாவுக்கு நல்ல கனமான இரும்புச் சங்கிலி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டில் தொங்கியதைத் தடவிப் பார்த்தார். திருடன் யாரும் இதுவரை கை வைத்ததில்லை என்றார். ஒரே ஒருமுறை ஒரு மாடு உரசிவிட்டு ஓடியதாம். முதலாளி சொல்லிவிட்டார் என்று நான் மன்றாடிய பிறகுதான் பூட்டைத் திறந்தார். புதுச் சங்கிலியை வேண்டா வெறுப்பாகக் கேட்டில் சுற்றிக்கொண்டே, "அதுக்குப் பல்லு இருந்துச்சு டீச்சர், இதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

சந்தனமும் ஓதிய தண்ணீரும்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பாண்டி மறுபடி வந்தார். மிஷின் ஓடவில்லையாம். பார்த்தால், மிஷின் அல்ல, கல்யாணப் பெண். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம், மேலே பூ. அதெல்லாம் அழகுதான், எனக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் காற்று உள்ளே போகும் வலையை முழுக்கச் சந்தனம் கொண்டு பூசி மெழுகியிருந்தார். மூக்கை அடைத்துவிட்டு ஓடு என்றால் எது ஓடும்? இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். முக்காடு போட்ட டீச்சர், உன் பூஜையால்தான் மிஷின் நின்றது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? சுற்றி வளைத்து, சந்தனம் வெளிப்பக்கம் மட்டும் வைத்தால் போதும் என்று ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டிலும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பினாங்கு எத்தனை இழுத்தும் ஒருமுறைகூட உறுமவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, என் மாமியார் குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீரைக் கொண்டுவந்து, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், திறந்து கிடந்த இன்ஜின்மேல் தெளித்திருந்தார். பிஸ்டனில் புதுத் துரு. மாமியிடம் கோபப்பட முடியுமா? அவர் என்மேல் வைத்த பாசம் அது. சிரித்துக்கொண்டே துடைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன் என்பதுதான் சரி. இதையும் பாண்டியிடம் சொன்னேன், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று அவருக்குப் படட்டும் என்று. அவர் சந்தனத்தைச் சுரண்டியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு சாமியும் கைவிட்ருச்சுன்னா சார்தான் டீச்சர் பாக்கணும்" என்றார்.

பெண் பெயர் எந்தப் பக்கம்?

பினாங்கின் பெரிய நோய் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற உறுப்பு அது. கைபட்டதும் பிஸ்கட் மாதிரி பொடிந்துவிட்டது. அதே கம்பெனியின் கார்புரேட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கி, உடைந்த மிஷின் ஒன்றிலிருந்து கழற்றிப் பொக்கிஷமாக வைத்திருந்தது. வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன். முழு ரம்பமே நம் ஷெட்டுக்கு வரப்போகிறதே என்றுதான் அதை எடுத்துப் பூட்டினேன்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்றுக் கசியாமல் ஒரு தடித்த காகித வளையம் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. நல்ல கெட்டி அட்டைக்கு வீட்டைச் சுற்றி வந்தேன். மேஜைமேல் வள்ளியப்பன் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் நல்லபடியாக முடிந்து, நாங்கள் போய்ச் சாப்பிட்டும் வந்தாகிவிட்டது. அந்த அட்டை மாதிரி அட்டை கடையில்கூடக் கிடைக்காது. கத்தரியால் அளவாக வெட்டி வைத்துப் பூட்டினேன். கச்சிதம்.

சரியாக அந்த நேரம் பார்த்தா அவர் வருவார்? வந்தார். மேஜைமேல் நடுவில் ஓட்டை விழுந்து கிடந்த பத்திரிகையைக் கையில் எடுத்தார். மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டால் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவாரே என்று பயந்தேன். மிஷின் ஓட அது எவ்வளவு முக்கியம், காகிதம் எவ்வளவு உயர்ந்தது என்றெல்லாம் உளறினேன். அவர் குனிந்து கார்புரேட்டர் பக்கம் உற்றுப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். "பொண்ணு பேரு உள்பக்கமா வெளிப்பக்கமா டீச்சர்?" என்றார்.

ஆளுக்கொரு இழுப்பு

ஓடவிட்டுப் பார்க்கும் நாளை ஆடிட்டரே குறித்தார். ராகு காலம், எமகண்டம் கழித்து, வலையபட்டி வீட்டுக் கொல்லையில், காற்றில் முறிந்து விழுந்த ஒரு புளியங்கிளைக்கு முன்னால் கூடினோம். பட்டையைப் பூட்டினேன், மண்ணெண்ணெயில் ஊறவைத்து, முனைகளைக் கோத்து, கூர் தீட்டி வைத்திருந்த சங்கிலியை மாட்டினேன். பெரிய பாகப்பிரிவினைக்கு அப்புறம் முதல் தடவையாகப் பினாங்கு முழுசாகத் தரையில் இருந்தது. நான் கயிற்றைப் பிடித்ததும், "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தினார்கள். யார் முதலில் இழுப்பது என்று பேச்சு. கடைசியில் ஆளுக்கொரு இழுப்பு. வள்ளியப்பன் அண்ணன் இழுத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு இழுத்தார். சிங்கப்பூர் பங்காளி போனில் பார்த்துக்கொண்டிருக்க அவர் சார்பில் கருப்பையா இழுத்தார். மூவரும் முறை முடித்து நகர்ந்த பிறகு நான் இழுத்தேன்.

எழுந்தது. இந்தக் காலத்து மிஷின்போலக் கீச்சென்று கத்தவில்லை. அடித்தொண்டையில் உறுமியது. கிளையில் வைத்தேன், தூள் பறந்தது, துண்டு விழுந்தது. இத்தனை மாதத்து எரிச்சலும் ஒரே நொடியில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, மரத்தூள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

அணைத்தேன். கொல்லை அமைதியானது. அப்புறம்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் சாயங்காலம் விருந்தாளிகளுக்கு ஓட்டிக் காட்டலாமே என்றார் ஆச்சி. ஆபீஸ் வரவேற்பறையில் வைத்தால் கணக்குக் கொண்டு வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றார் வள்ளியப்பன் அண்ணன். கப்பலில் வந்ததை விமானத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டது போன். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செத்துக் கிடந்தபோது யாருக்கும் வேண்டாத மிஷின். பேசிப் பேசி, பழையபடி பிரித்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவாயிற்று. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கருப்பையா சங்கிலியைக் கழற்ற உட்கார்ந்தேவிட்டார். "ஓட வச்சா என் ஷெட்டுல இருக்கட்டும்னு சொன்னீகளே அண்ணே?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. வள்ளியப்பன் அண்ணன் உண்மையிலேயே சங்கடப்பட்டார். "அது ஓடாதுன்னு நெனச்சுச் சொன்னது டீச்சர்" என்றார்.

நாலாவது பங்கு

கருப்பையா சங்கிலியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். ஆச்சி பட்டையைத் துண்டில் சுற்றினார், துரு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இன்ஜினைச் சாக்கில் போட வள்ளியப்பன் அண்ணன் குனிந்தபோது, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கார்புரேட்டரைக் கழற்றினேன். இது என் வீட்டுச் சாமான், உங்கள் ஐயா கப்பலில் கொண்டுவந்தது இல்லை என்றேன். பெட்ரோல் சொட்டச் சொட்டத் துணியில் துடைத்து என் கைப்பையில் போட்டேன்.

அட்டை வளையம் கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது. அதை வள்ளியப்பன் அண்ணன் உள்ளங்கையில் வைத்தேன். "இது ஒங்க வீட்டுப் பத்திரிகை அண்ணே. ஒங்க பங்கு" என்றேன். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார். சண்டை வரும், வரட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடுவது என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன்.

வள்ளியப்பன் அண்ணன் வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் கைப்பையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. ஒரு கணக்குச் சரியாக முடிந்த நிம்மதிதான் இருந்தது. "ஞாயந்தான். அப்ப அந்தக் கார்புரேட்டர்ல ஒங்க விலாசத்தை வெட்டிருங்க டீச்சர், பின்னால குழப்பம் வரக்கூடாது" என்றார்.

ஆத்திரத்தில் கழற்றிக்கொண்டு வந்ததுதான், ஆனால் மறுநாளே பாத்திரக்கடையில் கொடுத்து அத்தா பெயரின் முதல் எழுத்தையும் என் எழுத்தையும் அதில் வெட்டி வாங்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவி எங்கே இருக்கிறது என்று மச்சானுக்குக்கூடச் சொல்லாமல் இருக்கிறேன்.